வளையல் சத்தத்துக்கு வந்த பறவை

வளையல் உடைந்தால் அது கண்ணாடியின் குற்றமல்ல, கையின் குற்றம் என்பது அக்தர் பேகத்தின் கட்சி. போடுகிறவள் கையாகவும் இருக்கலாம், போட்டுக்கொள்கிறவள் கையாகவும் இருக்கலாம். இரண்டில் ஒன்று இறுகியிருந்தால் போதும். விரல் முட்டி வரைக்கும் ஒழுங்காக ஏறிய வளையல் அந்த இடத்தில் நின்று, டக்கென்று போய்விடும்.

இதை அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. செங்கல்பட்டு மார்க்கெட்டுக்குப் பின்சந்தில் இருந்த வளையல் வியாபாரி மொய்னுதீனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது வளையலை அவருக்குப் போட்டுக்கொள்ளத்தான் தெரியும். கணவருக்கு முழங்கால் வீங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக நடக்க முடியாமல் போனபோதுதான் தொழிலுக்கு வந்தார். முதல் ஆறு மாதம் தன் இடது கையிலேயே போட்டுப் போட்டுக் கழற்றினார். கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மடக்க வேண்டும். நான்கு விரல்களின் முட்டிகளையும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்க்க வேண்டும். வளையலை நேராகத் தள்ளாமல் சற்றுச் சாய்வாக ஏற்ற வேண்டும். முட்டியைத் தாண்டும் அந்த ஒரு நொடியில் மூச்சு விடக்கூடாது என்று மொய்னுதீன் சொன்னார். விட வேண்டும் என்று பேகம் கண்டுபிடித்தார். மூச்சை விட்டால்தான் கை தளர்கிறது.

எழுபத்தொன்றாம் வருஷம் மகள் ஷஹர்பானு கல்யாணமாகி வாலாஜா போனாள். அந்த ரம்ஜானுக்குச் சரக்கு எடுக்கச் சென்னை போன பேகம், மூர் மார்க்கெட்டில் ஒரு ஜோடி லவ் பேர்ட்ஸ் வாங்கி வந்தார். பச்சை உடம்பு, மஞ்சள் முகம், கழுத்தில் கறுப்புப் பொட்டுகள். நெற்றிக் கோடு அலகு வரை இறங்கியிருந்தால் அது இளம் குஞ்சு என்று கடைக்காரன் சொன்னதைக் கேட்டு, பத்துக் கூண்டு பார்த்துப் பொறுக்கினார். இருந்தும் இருபது நாளில் பெண் பறவை செத்துவிட்டது. மிச்சமிருந்த ஆண் பறவை கூண்டின் மூலையில் உட்கார்ந்து தன் நெஞ்சு இறகைத் தானே பிய்க்க ஆரம்பித்தது.

"ஜோடி பூட்டா இதுவும் பூடும். வித்தவனே சொல்லிக்கீறான்ல?" என்றார் மொய்னுதீன்.

"பூடும் பூடும்னு பாத்துகினே இருந்தா பூடத்தான் செய்யும். அதுக்கு வேல இல்ல, அதான் பிச்சிக்குது. உங்களாட்டம்."

"நான் எங்க பிச்சிகினேன்?"

"கால் முட்டி வீங்குன புச்சுல பாயை கோரை கோரையா பிச்சது யாரு, நானா?"

ரம்ஜானுக்கு வந்த பறவை என்பதால் அதற்குச் சேமியா என்று பெயர். சேமியாவுக்குப் பேகம் வேலை கொடுத்தார்.

பழக்குவதையும் யாரிடமும் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை. முதல் பத்து நாள் கூண்டுக்குள் கையை விட்டு, ஒரு விரலும் அசைக்காமல் சும்மா வைத்திருந்தார். காலையில் ஐந்து நிமிஷம், சாயங்காலம் ஐந்து நிமிஷம். ஆறாவது நிமிஷம் கிடையாது. பறவை கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது, அதட்டவும் கூடாது. பதினோராம் நாள் விரல் நுனியை நனைத்து நாலு தினை ஒட்டிக் காட்டினார். எட்ட இருந்து கழுத்தை நீட்டிக் கொத்தியது. அதன்பின் ஆள்காட்டி விரலை அதன் காலுக்குச் சற்று மேலே, வயிற்றில் பட்டும் படாமலும் வைத்தார். ஏறினால் ஒரு தினை. ஏறாவிட்டால் தினை இல்லை, திட்டும் இல்லை.

அடுத்து, கையில் இருந்த சரக்கையே எடுத்தார். இரண்டு கண்ணாடி வளையல்களை ஒன்றோடொன்று இரண்டு தரம் தட்டிவிட்டு விரலை நீட்டுவார். வந்தால் தினை. இரண்டு மாதத்தில், அறையின் எந்த மூலையில் இருந்தாலும் அந்தச் சத்தம் கேட்டதும் சேமியா பறந்து வந்து, சத்தம் வந்த கையில் உட்கார்ந்தது. பெரிய வளையலுக்குள் புகுந்து வெளியே வந்தது. கூண்டுக்குள் போ என்றால் தானாகப் போனது; துரத்திப் பிடிக்கிற வேலை இல்லை. இறக்கையை வெட்டிவிடச் சிலர் சொன்னார்கள். வெட்டினால் அது எப்படிக் கூப்பிட்டதும் வரும் என்று பேகம் கேட்டார். இதற்குள் நெஞ்சில் இறகு மறுபடி முளைத்திருந்தது.

"நீ வளையல் விக்கிறியா, சர்க்கஸ் வுடுறியா?" என்றார் மொய்னுதீன். ஆனால் தினை டப்பா காலியானால் முதலில் கவனிக்கிறவர் அவர்தான்.

வளையல் போடும்போது அழுகிற குழந்தைகளுக்காகத்தான் பேகம் அதை முதலில் ஊர்களுக்கு எடுத்துப் போனார். குழந்தையின் ஒரு கையில் பறவை உட்கார்ந்தால் மறு கையில் என்ன நடக்கிறதென்று குழந்தைக்குத் தெரியாது. பெரியவர்களுக்கும் அப்படித்தான் என்பது போகப் போகத் தெரிந்தது. இன்னொன்றும் தெரிந்தது. இறுகிய கையில் சேமியா ஏறாது. விரல் நீட்டித்தான் இருக்கும், முகத்தில் சிரிப்பும் இருக்கும். ஆனாலும் பறவை ஒரு சாண் தள்ளி நின்று பார்க்கும். அந்தக் கைக்கு உடனே வளையல் போடக்கூடாது என்று பேகம் கற்றுக்கொண்டார். ஊர்க்கதை பேசுவார், தண்ணீர் வாங்கிக் குடிப்பார். பறவை ஏறிய பிறகுதான் எண்ணெய்க் கிண்ணத்தை எடுப்பார். மூன்று வருஷத்தில் அவர் கையில் உடைந்த வளையல்கள் மிகச் சொற்பம்.

வளைகாப்பு வீடுகளுக்கு மட்டும் அவர் சேமியாவைக் கொண்டுபோவதில்லை. பூஜை நடக்கிற இடத்தில் எச்சமிட்டு வைக்கும், பேஜாரு என்று மொய்னுதீன் சொல்லியிருந்தார். எழுபத்து நாலு கார்த்திகையில் திருக்கழுக்குன்றத்தில் ஒரு வளைகாப்புக்குப் பறவை இல்லாமல்தான் போனார். எட்டாவது வளையல் முட்டியைத் தாண்டும்போது அந்தப் பெண் கையை இழுத்துவிட்டாள். வளையல் உடைந்தது. மணிக்கட்டில் கீறி, ஒரு சொட்டு ரத்தம் மணையில் விழுந்தது. வீட்டார் எப்போதும்போலச் சாப்பிட்டுப் போகச் சொன்னார்கள். ஆனால் மார்கழி முழுக்க அந்தப் பேச்சு பஸ் ஏறி ஊர் ஊராகப் போயிற்று. பாயம்மாவின் கைராசி போய்விட்டது என்று பேசிக்கொண்டார்கள். தைக்குச் சொல்லியிருந்த வளைகாப்புகளில் இரண்டு வீட்டுக்காரர்கள், வேறு ஆள் ஏற்பாடாகிவிட்டது என்று சொல்லி அனுப்பினார்கள். திருவிடந்தையில் வழக்கமாக எதிரே வந்து பெட்டியை இறக்குகிற பெண், வீட்டில் ஆள் இல்லை என்று உள்ளிருந்தே குரல் கொடுத்தாள். குரல் கொடுத்தவள் ஆள் இல்லையா என்று கேட்க பேகத்துக்கு வாய் வரவில்லை.

அப்போதுதான் சதுரங்கப்பட்டினத்திலிருந்து சாரதாம்பாள் ஆள் அனுப்பினார். கொஞ்சம் நஞ்சையும் ஒரு சவுக்குத் தோப்பும் உள்ள வீடு. நடுவில் முற்றம் விட்ட ஓட்டு வீடு. அவருடைய மருமகள் சம்பூர்ணத்துக்குத் தை மாதம் நாலாவது வெள்ளிக்கிழமை வளைகாப்பு. பத்து நாள் முன்னதாக அளவு பார்க்கப் போன பேகம், இந்தத் தடவை கூண்டையும் எடுத்துக்கொண்டார்.

"உங்கிட்ட மறைக்க இன்னா கீது பாயம்மா," என்றார் சாரதாம்பாள். "ரெண்டு வாட்டி கலைஞ்சிப் போச்சு. இப்ப ஏழாம் மாசம். கையும் காலும் தண்ணி கோத்துகினு கீது. இந்த ஊரு வளையக்காரன் அளவு பாக்கறேன்னு வந்து ரெண்டு வளையல உடைச்சிட்டுப் பூட்டான். அன்னிலேர்ந்து இவ கண்ணே மூடறதில்ல. கட்டில்ல உக்காந்துகினு வவுத்தயே பாக்கறா."

"பெரிய அளவா போட்டுட்டா இன்னா பெரியம்மா?"

"தொளதொளன்னு தொங்கினா நாலு நாள்ல எங்கனா இடிச்சிக்குவா. அப்ப உடஞ்சா அது வேற வம்பு. பிரசவம் வரிக்கும் கையோட நிக்கணும்."

"திருக்கழுக்குன்றத்து விஷயம் உங்க காதுக்கு வந்திருக்குமே."

"வந்திச்சி. வந்துதான் கூப்டேன். ஒரு வாட்டி உடைச்சவ ரெண்டாம் வாட்டி ஜாக்கிரதையா இருப்பா." சாரதாம்பாள் குரலைத் தாழ்த்தினார். "ஆனா ஒண்ணு. அன்னிக்கு ஒரு வளையல் உடஞ்சாலும் இந்தக் கடக்கரை ரோட்டுல உன்ன எந்த வூட்லயும் கூப்பிட மாட்டாங்க. நான் சொல்லித் தடுக்கணும்னு இல்ல. அதுவா நின்னுடும். இந்தப் பொண்ணு மீதி ரெண்டு மாசத்த எப்டி தள்ளுவான்னும் எனக்குத் தெரியல."

சம்பூர்ணம் கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். இருபத்து மூன்று வயது. விரல்கள் வீங்கி மினுமினுத்தன. நீட்டச் சொன்னதும் நீட்டினாள். ஆனால் கட்டைவிரல் விறைத்து நின்றது. சேமியா கூண்டிலிருந்து வந்து, அந்தக் கைக்கு ஒரு சாண் தள்ளி உட்கார்ந்துகொண்டது.

"உன் கையப் பாக்காத கண்ணு. அதும் மூஞ்சியப் பாரு. இந்தா, இந்த ரெண்டு வளையலையும் புடி. மெதுவா ரெண்டே ரெண்டு தட்டு."

சம்பூர்ணம் தட்டினாள். பறவை கழுத்தைச் சாய்த்தது. மறுபடி தட்டியதும் விரலில் ஏறி, அங்கிருந்து தோளுக்குப் போய், அவள் காதோர மயிரை இழுத்தது.

"ஐயே, கூசுது!" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பு முடிவதற்குள் மறு கையில் இரண்டு வளையல்கள் ஏறியிருந்தன. அவள் கவனிக்கவே இல்லை.

அன்றிலிருந்து வெள்ளிக்கிழமை வரை தினமும் மொய்னுதீன் தின்பண்டக் கடைக்காரர்போல வளையல்களைப் பரப்பி உட்கார்ந்து, ஒவ்வொன்றாகக் காதருகே வைத்து நகத்தால் சுண்டியும், ஒன்றோடொன்று தட்டியும் பார்த்தார். கீறல் உள்ள வளையல் மழுங்கிப் பேசும். நல்ல வளையல் மணிபோல் இழுக்கும். அவர் தட்டும்போதெல்லாம் கூண்டுக்குள் சேமியா கம்பியில் வந்து மோதிக் கத்தியது. "சும்மா கெட, உன்ன யாரும் கூப்புடல," என்று அவர் அதட்டினார். பேகத்துக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. அவர் மனம் முழுக்க சம்பூர்ணத்தின் கட்டைவிரலில் இருந்தது.

"உடஞ்சா இன்னா பண்ணுவே?" என்று மொய்னுதீன் கேட்டார்.

"உடையாது."

"உடஞ்சா?"

"உங்க வாய்ல வேற வார்த்தையே வராதா?"

வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் கண்டக்டர் கூண்டுத் துணியைத் தூக்கிப் பார்த்து, "இதுக்கு டிக்கெட் யாரு எடுக்கறது பாயம்மா?" என்றார். மற்ற நாளாக இருந்தால் பேகம் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பார். அன்று சிரிப்பு வரவில்லை.

போய்ச் சேர்ந்தபோது வீடு நிறைந்திருந்தது. மதுராந்தகத்திலிருந்து சம்பூர்ணத்தின் தாய் செங்கம்மாள் உறவுகளோடு வந்திருந்தார். மொத்தம் முப்பது பெண்கள் இருப்பார்கள். வளைகாப்புக்கு வந்த பெண்களுக்கெல்லாம் வளையல் போடுவது முறை. அது கர்ப்பிணிக்குப் போட்டு முடித்த பிறகு நடப்பது வழக்கம். ஆனால் அன்று பன்னிரண்டு மணி வரை ராகு காலம்.

"அது வரிக்கும் நீ எதுக்கு சும்மா உக்காந்துகினு இருக்கணும்?" என்றார் சாரதாம்பாள். "வந்தவங்களுக்குப் போட்டு முடிச்சிடு. அப்பறம் எல்லாருக்கும் எலைய போட்டுடலாம்."

சரியான யோசனையாகவே பட்டது. கூண்டு உள்ளறையில் துணி மூடியபடி இருக்க, கைக்கு ஆறு வீதம் முப்பது பேருக்கும் பேகம் போட்டார். ஒன்றும் உடையவில்லை. ஒவ்வொரு கைக்கும் அவர் மனத்திலிருந்து ஒரு பாரம் குறைந்தது. தன் கை இன்னும் தன் கைதான் என்று நினைத்துக்கொண்டார்.

பன்னிரண்டேகாலுக்குச் சம்பூர்ணத்தை முற்றத்தை ஒட்டிய கூடத்தில் மணையில் உட்கார வைத்தார்கள். சந்தனம் பூசி, முதலில் வேப்பங்கொழுந்தைக் காப்பாக முறுக்கிப் போட்டார்கள். வலக்கைக்குப் பதினொன்று, இடக்கைக்குப் பத்து என்று சிவப்பும் பச்சையுமாகக் கண்ணாடி வளையல்கள் தாம்பாளத்தில் இருந்தன. சம்பூர்ணம் தாம்பாளத்தைப் பார்த்தாள். இரண்டு கட்டைவிரல்களும் விறைத்து நின்றன.

பேகம் கூண்டை வரவழைத்துத் திறந்தார். சேமியா அவர் விரலில் ஏறி வெளியே வந்தது.

"லவ் பேர்ட்ஸுடி!" என்று பின்னாலிருந்து ஒருத்தி கையை நீட்டினாள்.

ஆறு வளையல்கள் குலுங்கின. சேமியா பேகத்தின் விரலை விட்டுப் பறந்து அவள் கையில் போய் உட்கார்ந்தது. அவள் வீலென்று கத்திக் கையை உதறினாள். அவளுக்குப் பக்கத்தில் இருந்தவள் விலகிக் கையை ஊன்றினாள். பறவை அங்கே போனது. அவளும் உதறினாள். "பாத்துடி, பாத்துடி" என்று பத்துக் கைகள் எழுந்தன. கூடம் முழுக்கக் கண்ணாடிச் சத்தம். ஒவ்வொரு சத்தமும் வா என்று கூப்பிட்டது. வந்தால் ஒவ்வொரு கையும் அடித்தது. மூன்று வருஷத்தில் அந்தப் பறவைக்கு அப்படி நடந்ததே இல்லை. இரண்டு சுற்றுச் சுற்றி முற்றத்துக்கு மேலே எழும்பி ஓட்டின் விளிம்பில் போய் உட்கார்ந்தது.

முற்றத்துக்கு மேலே திறந்த வானம். நண்பகல் தாண்டிக் கடல்காற்று கிளம்பியிருந்தது. தென்னையில் இரண்டு காக்கைகள். பறவையின் வால் இறகு காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

"அதோ! அதோ கீது!" என்று எல்லோரும் கையைக் காட்டினார்கள். மறுபடி முப்பது கைகளின் வளையல். சேமியா தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பியது. பிறகு ஓட்டின் மேல் இரண்டு வரிசை ஏறி, இன்னும் தள்ளிப் போயிற்று.

"நல்ல காரியத்துல இது இன்னாடி கூத்து," என்று யாரோ முணுமுணுத்தார்கள். "திருக்கழுக்குன்றத்துல ஆனது போதாதா?"

அக்தர் பேகத்துக்கு அப்போதுதான் விளங்கியது. அந்த முப்பது கைகளுக்கும் வளையல் போட்டது தானே. பறவையைக் கூப்பிடுகிற சத்தத்தைக் கைக்கு ஆறாகத் தானே காலையிலிருந்து உட்கார்ந்து பூட்டி வைத்திருக்கிறார். பறவை போனால் போகட்டும் என்று ஒரு நொடி நினைத்தார். அடுத்த நொடி சம்பூர்ணத்தின் கையைப் பார்த்தார். அந்தக் கை இப்போது ஒரு முடிச்சாக இருந்தது. அந்தக் கையில் வளையல் ஏற்ற யாராலும் முடியாது.

"யாரும் கைய அசைக்காதீங்க," என்றார். குரல் எழும்பவில்லை. மறுபடி சொன்னார். "தாயே, உங்கள கும்புட்டுக் கேக்கறேன். ஒரு கையால இன்னொரு கை வளையல அழுத்திப் புடிச்சிக்கோங்க. முந்தானையால சுத்திக்கோங்க. சத்தம் வரக்கூடாது. சத்தம் கேட்டா அது கூப்புடறாங்கன்னு நெனச்சிக்கும்."

"இதெல்லாம் ஒரு..." என்று ஒருத்தி ஆரம்பித்தாள்.

"சொன்னதச் செய்ங்கடி," என்றார் சாரதாம்பாள். முதலில் அவரே தன் இரண்டு கைகளையும் முந்தானையில் சுருட்டி மார்போடு சேர்த்துக்கொண்டார். செங்கம்மாள் சுருட்டிக்கொண்டார். ஒவ்வொருவராக எல்லோரும் சுருட்டிக்கொண்டார்கள். குளிருக்கு ஒடுங்கியதுபோல முப்பது பெண்கள் அந்த வெயில் நேரத்தில் உட்கார்ந்திருந்தார்கள். கடல் இரைவது கூடத்துக்குள் கேட்டது.

பேகம் தன் கை வளையலைத் தட்ட நினைத்தார். ஆனால் பறவைக்குப் பின்னால் ஓடியதில் அவர் கூடத்தின் கோடிக்கு வந்திருந்தார். அந்த இடத்துக்கும் முற்றத்துக்கும் நடுவே இரண்டு வரிசைப் பெண்கள். நகர்ந்தால் யாராவது அசைய வேண்டும். தயங்கி நின்றார்.

டிங், டிங்.

திரும்பிப் பார்த்தார். சம்பூர்ணம் தாம்பாளத்திலிருந்து இரண்டு வளையல்களை எடுத்து, கைக்கு ஒன்றாகப் பிடித்துத் தட்டியிருந்தாள். அன்று அவர் சொல்லித் தந்ததுதான். ஆனால் அன்று அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். இன்று கை நடுங்குகிறது. நடுங்குகிற கையில் கண்ணாடி. கொஞ்சம் வேகமாகப் பட்டால் போதும், மணையில் உட்கார்ந்தபடி அவளே அவள் வளையலை உடைப்பாள். வேண்டாம் என்று சொல்ல பேகத்துக்கு வாய் திறந்தது. சொன்னால் அவள் திடுக்கிடுவாள். வாயை மூடிக்கொண்டார்.

டிங், டிங்.

முதல் தரத்தைவிட மெதுவாக இருந்தது. சம்பூர்ணம் வளையலைப் பார்க்கவில்லை. ஓட்டின் மேல் இருந்த பச்சைப் புள்ளியையே பார்த்தாள். "வாடா சேமியா," என்றாள், காற்றுக்கும் கேட்காத குரலில். பறவை ஓட்டின் விளிம்புக்கு இறங்கியது. காற்று அதைத் தள்ளியது. இறக்கையை விரித்து நிதானித்துக்கொண்டது. அவள் மூன்றாம் தரம் தட்டினாள். முற்றத்தின் குறுக்கே சரிந்து வந்து சேமியா அவளுக்கு எதிரே தாம்பாளத்தின் விளிம்பில் நின்றது. அவள் கையைப் பார்த்தது. ஒரு சாண் தூரம்.

சம்பூர்ணம் மூச்சை விட்டாள். அது பேகத்துக்குக் கேட்டது. இடக்கையின் கட்டைவிரல் சாய்ந்தது. பறவை ஏறியது.

பேகம் ஓரமாக மெல்ல நடந்து வந்து, மணைக்கு முன்னால் உட்கார்ந்து, அவள் வலக்கையிலிருந்த வளையலை மெல்ல வாங்கினார். எண்ணெய் தடவினார். முட்டிகளைச் சாய்த்தார். ஒன்று. இரண்டு. மூன்று. சம்பூர்ணம் பறவையோடு என்னவோ பேசிக்கொண்டிருந்தாள். ஏழாவது, முட்டியில் நின்றது. பேகம் தள்ளவில்லை. தன் மூச்சை விட்டுவிட்டுக் காத்திருந்தார். சேமியா அவள் மோதிர விரலைக் கொத்தியது, அவள் சிரித்தாள், வளையல் தானாக வழுக்கி உள்ளே போயிற்று. பதினொன்று.

இனி இடக்கை. அதில் பறவை இருக்கிறது. எப்படி எழுப்புவது என்று பேகம் யோசிப்பதற்குள் சம்பூர்ணம் வலக்கையை மடியில் வைத்தாள். பதினொரு வளையல்களும் குலுங்கின. சேமியா தாவி வலக்கைக்குப் போய்விட்டது.

"இடக்கையக் குடு கண்ணு," என்றார் பேகம். பத்தும் ஏறின.

செங்கம்மாள் முந்தானைக்குள்ளிருந்த கையாலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரும் கையை வெளியே எடுக்கவில்லை. ஆரத்திகூட அப்படித்தான் எடுத்தார்கள். தட்டைப் பிடித்த இரண்டு பேரும் பானை தூக்குகிறவர்களைப்போலப் புடவையோடு பிடித்தார்கள்.

சிக்கல் சாப்பாட்டுக்குப் பிறகு வந்தது. சேமியா திரும்பி வரவில்லை. பேகம் தட்டினால் தலையைத் தூக்கும். அதற்குள் சம்பூர்ணம் முகத்தைத் துடைப்பாள், முடியை ஒதுக்குவாள். இருபத்தொரு வளையல்கள் ஒரே சமயத்தில் கூப்பிடும். பறவை அவளிடமே நின்றுவிடும். கையை அசைக்காமல் இரு என்று அவளிடம் சொல்லவும் பேகத்துக்கு மனம் வரவில்லை. மறுபடி அந்த விரல்கள் விறைத்துக்கொள்ளுமோ என்ற பயம். பிடித்து இழுக்கலாம். மூன்று வருஷமாக அந்தப் பறவையை அவர் பிடித்து இழுத்ததில்லை.

"நாலரை பஸ்ஸை வுட்டா அடுத்தது ஆறுக்குதான்," என்றார் சாரதாம்பாள்.

"தெரியும் பெரியம்மா. செத்த இருந்து பாக்கறேன்."

கூடத்தில் பாய் விரித்துச் சம்பூர்ணம் ஒருக்களித்துப் படுத்தாள். கை வயிற்றின் மேல் இருந்தது. பறவை அந்தக் கையின் மணிக்கட்டுக்கு மேலே, இறகைப் புசுபுசுவென்று விட்டுக்கொண்டு உட்கார்ந்தது. வளையல் கொஞ்ச நேரம் அவ்வப்போது சத்தமிட்டது. பிறகு எப்போதாவது. பிறகு நின்றுவிட்டது. நாலரை பஸ் ஹாரன் அடித்துக்கொண்டு போனது தெரு முனையில் கேட்டது. பேகம் எழுந்திருக்கவில்லை. சம்பூர்ணத்தின் வாய் சற்றே திறந்திருந்தது. வயிறு ஏறி இறங்க, கையும் ஏறி இறங்கியது. ஆனால் வளையல்கள் ஒன்றோடொன்று படவில்லை.

"தூங்கறாளா?" என்று சாரதாம்பாள் வாசற்படியிலிருந்து உதட்டை மட்டும் அசைத்தார்.

பேகம் தலையசைத்தார். அரை மணி அப்படியே விட்டார். பிறகு கூடத்தின் கோடிக்குப் போய், தன் வளையலில் இரண்டை எடுத்து, கேட்டும் கேட்காமலும் தட்டினார். சேமியா கண்ணைத் திறந்தது. தூங்குகிறவள் கையை ஒரு முறை பார்த்தது. பிறகு பறந்து வந்து பேகத்தின் விரலில் உட்கார்ந்து, தினைக்கு வாயைத் திறந்தது.

கூண்டைத் துணியால் மூடி, தூங்குகிறவளைச் சத்தம் எழுப்பிவிடாமல் தன் கைகளை முந்தானைக்குள் சுருட்டிக்கொண்டு பேகம் வெளியே வந்தார். சாரதாம்பாள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ரோடு வரை கூடவே வந்தார். சவுக்குத் தோப்பைத் தாண்டியதும் நின்றார். பெட்டியைச் சுமந்த அவர் கைகள் இன்னும் புடவைக்குள்தான் இருந்தன.

"மாசி மொதல்ல மதுராந்தகத்துல செங்கம்மா தம்பி பொண்ணுக்குப் போடணுமாம். உன்னத்தான் கேட்டுகினு இருந்தா," என்றார். கொஞ்சம் பொறுத்து, "இப்பவாவது கைய வெளிய எடுக்கலாமா பாயம்மா? வேர்த்துக் கொட்டுது," என்றார்.

பேகம் வீட்டுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முற்றத்து ஓடு அங்கிருந்தே தெரிந்தது.

"இன்னும் பத்தடி தள்ளி வந்துடுங்க பெரியம்மா," என்றார்.